மதலேனா அடித்த மழை

மதலேனா வயலைப் பார்த்ததே இல்லை. சிங்கப்பூரின் செம்பவாங் கப்பற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்தவள். கல்யாணமாகிக் கிளமெண்டியில் எட்டாவது மாடிக்கு வந்தவள். ஜூரோங் தொழிற்சாலையில் டிவி பெட்டிகளுக்கு ஈயம் பற்றவைப்பவள். ஆனாலும் 1983-இல், டோபி காட் பக்கத்து மண்டபத்தில், வயல்மேல் இடி இறக்குகிற பொறுப்பு அவள் தலையில்தான் விழுந்தது.

பங்குக் கோயிலின் நாற்பது பேர் இசைக்குழு அது. நடத்துநர் சவரிராஜ் வாத்தியார் எழுதிய கிராமத்து இசைக்கோவையில் விடியல், நடவு, புயல், மழை ஓய்ந்த மாலை என்று நான்கு பகுதிகள். வயலின்கள் நாற்று நடும்; புல்லாங்குழல் கொக்காய்ப் பறக்கும். இரண்டு செம்புக் கொப்பரை முரசுகளுக்குப் பின்னால் மதலேனா நூற்றுப்பத்துத் தாளச் சுற்று சும்மா நின்று, மனசுக்குள் எண்ணி, நூற்றுப்பதினோராவதில் இறங்க வேண்டும். ஒரு சுற்று பிசகினாலும் மொத்த வயலும் நாறிப்போகும்.

"என்னம்மா தடவிக்கொடுக்கிறே?" என்பார் சவரிராஜ். "வெட்டவெளியில விழுற இடி! நெல்லு படுத்துடணும் லா!"

"நெல்லு படுக்கிறத நான் எங்க சார் கண்டேன்?"

நெல்லைத்தான் காணவில்லை. அடி தெரியும். புருஷன் பெர்னார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அவன் கைக்கும் ஒரு தாளம் உண்டு. நான்கு அறை, பிறகு மூச்சு வாங்கி ஒரு சிகரெட், மறுபடி நான்கு. முரசுக்கு வந்த பிறகுதான் அவள் அதை எண்ணத் தொடங்கினாள்.

கச்சேரி நாள், ஞாயிறு மதியம். அவள் குச்சிகளை எடுத்தபோது அவன் கதவைப் பூட்டினான்.

"நாப்பது ஆம்பளைங்க நடுவுல கொட்டடிக்கப் போறியா?"

"அதுல பதினாறு பொம்பளைங்க. வழிய விடுங்க."

"எண்ணி வேற வச்சிருக்கியா? இந்தா, இதையும் எண்ணு!"

முதல் அறையில் தோடு தெறித்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் தலை சுவரில் மோதியது. நான்காவதாக இடக்கையை முறுக்கிக் கதவு நிலையில் அறைந்தான். பிறகு வழக்கம்போல் நின்று, சட்டைப்பையில் தீப்பெட்டியைத் துழாவினான்.

இத்தனை வருடமும் அந்த ஓய்வில் அவள் அழுதிருக்கிறாள். அன்றைக்கு இறங்கினாள். குச்சியின் கம்பளி சுற்றிய தலையை உள்ளங்கைக்குள் பிடித்து, மரப்பக்கத்தால் அவன் முழங்கை எலும்பில் ஓங்கி ஒன்று. கடக்கென்றது. குனிந்தவன் மணிக்கட்டில் இரண்டாவது; முட்டியில் மூன்றாவது. அவ்வளவு பெரிய உடம்பு செருப்புகளுக்கு நடுவே சரிந்தது.

"ஏய்... கை ஒடைஞ்சிருச்சுடி!"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள். "சாவியக் குடுங்க."

கொடுத்தான்.

மண்டபத்தில் அவளைப் பார்த்த சவரிராஜ் பதறிப்போனார். "ஐயோ, கையில என்னம்மா வீக்கம்?"

"அப்புறம் சொல்றேன் சார். மேடைக்குப் போங்க."

நூற்றுப்பத்து முடிந்தது. மதலேனா இறங்கினாள். முன்வரிசைக் குழந்தையொன்று வீரிட்டு அழுதது. வயலின்காரர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். வீங்கிய கை அடிக்கு அடி தோள்வரை வெட்டி இழுத்தது. அவள் விடவில்லை. சவரிராஜின் வயலில் ஒரு தாள் நிற்காமல் நெல் படுத்தது.

மழை ஓய்ந்த மாலையில் முரசுக்கு வேலையில்லை. உதட்டு ரத்தத்தைச் சேலைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டு நின்றாள். கைதட்டல் அடங்கியதும் வயலின் அன்னம்மாவிடம் கேட்டாள்:

"உட்லண்ட்ஸ் பஸ் எங்க நிக்கும்? அக்கா வீட்டுக்குப் போகணும்."

"உங்க வீடு கிளமெண்டி இல்ல?"

"இருந்துச்சு," என்று குச்சிகளைப் பைக்குள் போட்டாள் மதலேனா.