தேவிகா அக்காவின் ஏழாம் பாகம்

ஆக்லாந்து விமானத்துக்குப் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மேற்பார்வையாளர் என் பக்கம் குனிந்து, "ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தது. தேவிகா இறந்துட்டாங்க" என்றார். எதிரே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் பெட்டிகளுக்குப் பட்டை ஒட்டி, பயண அட்டைகளைக் கொடுத்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றேன். அவர்களிடம் இருந்தது ஒருவழிப் பயணச்சீட்டு. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெறும் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தவர் எப்படி இறக்க முடியும் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.

தேவிகா அக்கா இந்தத் தீவு நாட்டின் ட்ராசா என்ற ஊரில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவருடைய பெற்றோரும் அண்ணனும் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அக்கா மட்டும் போகவில்லை. நமாகா என்ற ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தம் குடும்பம் எந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்டதோ அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். நான் கோவில் பூசாரியின் மகள். அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்தவள். படிப்பை முடித்து அக்காவின் பக்கத்துக் கவுண்டரில் அமர்ந்த முதல் நாள், என் கைப்பையிலிருந்த நாவலைப் பார்த்துவிட்டு, "அரே, பூசாரி பொண்ணே, இங்க புக்கு படிக்க நேரம் கிடைக்காது. பெட்டியைப் படி, அதுல எல்லாம் இருக்கு" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பமாகப் புறப்படுகிறவர்கள் வந்தால், பெட்டியைத் தொடுவதற்கு முன், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். யாராவது குறைந்தால் எழுந்து நின்று, கூடம் முழுவதும் கேட்கும்படி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒலிபெருக்கி இருக்கும்போது எதற்குக் கத்துகிறீர்கள் என்று மேலிடத்தில் பலமுறை கண்டித்திருக்கிறார்கள். "ஒலிபெருக்கி கூப்பிட்டா யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு சார்" என்பார். 2006இல் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்து, வரிசை வாசல்வரை நீண்ட நாட்களில் அவருக்குக் குரலே கட்டிப்போய்விட்டதாகப் பழைய ஊழியர்கள் சொல்கிறார்கள்.

எங்களை நெருங்க வைத்தது அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். நான் அதைப் பார்ப்பேன் என்பது வீட்டில்கூடத் தெரியாது. ஒரு மதியம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றார். "கௌன்ச்சி? என்ன பாக்கற?" என்றவர், திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அது ஒரு துறைமுக ஊரின் கதை. அதன் ஏழாம் பாகத்தில் ஒரு குடும்பம் ஊரை விட்டுக் கப்பலேறுகிறது. "இது கலர்லயா இருக்கு?" என்று கேட்டார்.

அவரிடம் அதே பாகத்தின் வீடியோ டேப் இருந்தது. ஹோட்டலில் வேலை பார்த்த அண்ணனிடம் ஜப்பானியப் பயணி ஒருவர் விட்டுச்சென்றது. ஜப்பான் டேப் நம் ஊர்த் தொலைக்காட்சிப் பெட்டியில் சரியாக ஓடாது. படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். பேச்சு யாருக்கும் புரியாது. ஆனாலும் குடும்பம் முழுவதும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறது.

அந்த ஏழாம் பாகம் தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை ஒளிபரப்பான பிறகு திரும்பப் பெறப்பட்டது என்று நான் படித்திருந்தேன். படங்களை வரைந்து முடிக்காமலே ஒளிபரப்பிவிட்டார்களாம். பிறகு புதிதாக வரைந்து டிவிடியில் வெளியிட்டார்கள். நான் பார்த்தது புதியது. அக்காவிடம் இருந்தது பழையது.

அடுத்த விடுமுறையன்று அவருடைய அறையில் டேப்பைத் தொலைக்காட்சியிலும், புதியதை என் மடிக்கணினியிலும் ஒன்றாக ஓடவிட்டோம். ஒன்று முந்தும், மற்றதை நிறுத்துவோம். பழையதில் தாயின் கைப்பை இடக்கையில் இருக்கும், அடுத்த காட்சியில் வலக்கைக்குப் போய்விடும். பறவைகள் வானத்தில் ஒட்டிவைத்ததுபோல் நிற்கும். கூட்டத்தில் யாருக்கும் கண் மூக்கு கிடையாது. புதியதில் எல்லாம் சரி செய்யப்பட்டிருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்குக்கூட வியர்வை வரைந்திருந்தார்கள்.

"புதுசுதான் நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

"இல்ல. எல்லாருக்கும் முகம் போட்டுட்டான். அன்னைக்கு ஏர்போர்ட்ல எனக்கு ஒரு முகமும் தெரியல" என்றார்.

கதையின் கடைசியில் அந்தக் குடும்பத்தின் மகள் பையோடு துறைமுக மேடையில் நிற்கிறாள். அதுவரை கறுப்பு வெள்ளையாக ஓடிய டேப்பில் சட்டென்று வண்ணம் வந்தது. செய்தி வாசிப்பவர் ஒருவர் ஊரடங்கு நேரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாயிரமாம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்த நாட்களில், ஹோட்டலில் மாட்டிக்கொண்ட மகனுக்குப் பிறகு காட்ட வேண்டுமென்று அக்காவின் அப்பா கையில் அகப்பட்ட டேப்பில் செய்தியைப் பதிவு செய்துவிட்டார். கதையின் முடிவு அதில் அழிந்துவிட்டது.

மடிக்கணினியில் அந்தப் பெண் கப்பலேறிக் கையசைத்தாள்.

"பொய். இவ ஏறவே இல்ல. நான் பாத்திருக்கேன். கப்பல் போயிடும், இவ அங்கயே நிப்பா" என்றார் அக்கா.

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அதப் பாத்துட்டுதானே நானும்..." என்று தொடங்கியவர், எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

போகாததற்கு அவர் சொன்ன காரணங்கள் எனக்கு இரண்டு தெரியும். முதலில், தம் தாள்களில் ஒரு முத்திரை குறைந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்றார். ஒரு வருடம் கழித்து, முத்திரையெல்லாம் சரியாகவே இருந்தது, விமான நிலையக் கழிப்பறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன் என்றார். முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்டேன். "அது பழைய பாகம். இது திருத்தினது" என்று சிரித்தார். எதைத் திருத்தினார், எதற்காகத் திருத்தினார் என்று நான் கேட்கவில்லை.

அக்கா இறந்த பிறகு நியூசிலாந்திலிருந்து வந்த அவருடைய தாயாரை அழைத்துவர நான்தான் வருகைக் கூடத்துக்குப் போனேன். அந்த அம்மாள் அக்காவின் அறையைப் பார்த்துவிட்டு, கட்டிலில் அமர்ந்து, "அது உன்கிட்ட இன்னா சொல்லிச்சி கண்ணு? ஏன் வரலன்னு சொல்லிச்சா?" என்று கேட்டார். நான் இரண்டையும் சொன்னேன். அவர் மறுத்துத் தலையசைத்தார். "முத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையிலேருந்து சண்டை. 'வந்தா வா, இல்லன்னா இங்கயே கெட'ன்னு சொல்லிட்டு நான் முன்னால நடந்துட்டேன். அதுக்கப்புறம் போன்ல பேசுவோம். மழை வந்துச்சா, சாப்பிட்டியா, அவ்வளவுதான். பதினாறாம் நாள் நீதான் அவளப் பத்திப் பேசணும். என்னால நின்னுதா, அவளா நின்னுதா? எனக்குத் தெரியணும்."

அன்று இரவு அந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். ஒரு வரிகூட எழுத வரவில்லை. கடைசியில், பழைய ஒளிபரப்புகளைச் சேகரிப்பவர்களுக்கு இணையத்தில் செய்தி அனுப்பினேன். முடிவைப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நம்பினேன். ஒருவர் அந்த ஒளிபரப்பை முழுதாக அனுப்பிவைத்தார், ஆங்கில வசன வரிகளோடு.

அதில் அந்தப் பெண் ஏறவும் இல்லை, நின்றுவிடவும் இல்லை. கடைசிக் காட்சிக்கு ஒரே ஒரு படத்தைத்தான் வரைந்திருந்தார்கள். மேடையில் பையோடு அவள். அந்தப் படம் அசையவே இல்லை. ஒலி மட்டும் தொடர்ந்தது. கப்பல் சங்கு, அலை, யாரோ கூப்பிடும் குரல். பிறகு பாகம் முடிந்துவிட்டது. அவள் ஏறுவதை வரைய அவர்களுக்கு நேரமில்லை. அந்த மொழி தெரியாத அக்கா, அவள் போகாமல் நின்றுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் நின்றது அதனாலா, அல்லது தாம் நின்றபிறகு அவளையும் நிறுத்தினாரா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அதை அம்மாளிடம் காட்டலாமா கூடாதா என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு ஒரு பிற்பகல் அவருக்கு அருகே அமர்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஓடவிட்டேன். அந்த அசையாத படம் வந்ததும் திரைக்கு அருகே குனிந்தார்.

"யாரு அது கூப்பிடறது?"

"அவளோட அம்மா. பேரைச் சொல்லி, வான்னு கூப்பிடறாங்க."

"கூப்பிட்டாளா?" என்று கேட்டார். "நான் கூப்பிடல கண்ணு. திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்தில் அக்காவின் நல்ல குணங்களை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏன் நின்றார் என்பதைச் சொல்லவில்லை. அம்மாளும் கேட்கவில்லை.

அம்மாள் நியூசிலாந்துக்குத் திரும்பிப் போன காலையில் நான் அக்காவின் கவுண்டரில் இருந்தேன். ஒரு சிறிய பெட்டி. அதற்குள் மகளின் சேலைகளும் அந்த டேப்பும். பட்டை ஒட்டும்போது, பழக்கம் காரணமாக, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. இது அக்காவின் வழக்கம் என்றும், யாராவது குறைந்தால் அவரே எழுந்து நின்று கூப்பிடுவார் என்றும் தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

அம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டு நடந்தார். குடியேற்றப் பிரிவின் கதவருகே போய் நின்றார். பிறகு கூடத்தை நோக்கித் திரும்பினார்.

"தேவிகா! வா!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது. மேற்பார்வையாளர் எழுந்தார், யார் என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மாள் அங்கேயே காத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும் அளவுக்கு. பிறகு உள்ளே போனார்.

அக்கா, நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கூப்பிட்டார்கள். அது எனக்குக் கேட்டது. அமைதியாக உறங்குங்கள்.