தேயாத பிளேடு

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைகளை அறுக்கும் இயந்திரம் அவளுடையது. அறுத்த விளிம்பை விரலால் தடவுவாள். சொரசொரப்புத் தட்டினால் பிளேடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆலையில் அவளுக்கு விரலக்கா என்றே பெயர்.

பழைய எஃகு பிளேடு இரண்டு மணி நேரத்தில் மழுங்கிவிடும். மாற்ற வரும் ஃபிட்டர், திருகுகளைக் கழற்றி மாட்டும் பத்து நிமிடமும் வீட்டுக்கதை பேசுவார். அவள் வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

பிறகு பீங்கான் பிளேடு வந்தது. நான்கு நாள் ஓடினாலும் அசராது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். இந்தச் சனியனை யார் கேட்டது என்று அவள் மட்டும் மனதுக்குள் திட்டினாள்.

இரண்டாம் நாளே ஃபிட்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் பிளேடைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம்கூடத் தேயலையேக்கா."

"விரலுக்குத் தேஞ்ச மாதிரி தெரிஞ்சுது."

பதினாறு வருடத்தில் அந்த விரல் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும். அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு லென்ஸைப் பையில் போட்டார்.

"சின்னவ பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரே அழுகைக்கா" என்றபடி முதல் திருகை எடுத்தார். இவ்வளவு மெதுவாக அவர் திருகு மாட்டி அவள் பார்த்ததே இல்லை.