செவலையின் வயிற்று வார்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சேண அறைக்குள் நுழைந்தால் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வரிசையாகத் தொங்கும் கடிவாளங்கள், கால் வைக்கும் அங்கவடிகள், வார்கள் எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த வருடம் செவலை என்ற குதிரையின் வயிற்று வாரில் மட்டும் சந்தனம் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தது. வைத்தவர் என் அண்ணி. அந்தக் குதிரைமேல் அவருக்கு அப்படியொரு பாசம்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சவாரிப் பள்ளி. இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் நான், அன்று அங்கே முன்கூடத்தில் வகுப்புகளுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேண அறையைப் பார்த்துக்கொள்வார். குதிரைமேல் ஒரு நாளும் ஏறியதில்லை. "நமக்குத் தரைதான் லா தம்பி" என்று சிரிப்பார். ஆனால் எது எதற்கு என்று கேட்டால், ரசம் வைப்பதைச் சொல்வது போலச் சொல்வார். வாய்க்குள் போகும் இரும்பு, குதிரைக்குச் சேதி சொல்ல. கைவார், அந்தச் சேதியைக் கொண்டுபோக. சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணி, முதுகு உரசாமலிருக்க. சேணம் சரியாமல் வயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் வயிற்று வாரை மட்டும் அவர் கெர்த்து என்றே சொல்வார். "கெர்த்து லூசா இருந்தா ஆளு விழுவான். உறுத்துச்சுன்னா குதிரை அழும்."

செவலை பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்த குதிரை. முன்பு இருந்த இடத்தில் ஆளைத் தள்ளுகிறது என்று பெயர் கெட்டுத்தான் வந்தது. பள்ளியின் முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்போம். அவருக்கு அதை வைத்துக்கொள்ள மனமில்லை. அண்ணி கெஞ்சிக் கூத்தாடி வைத்துக்கொண்டார். இன்னொரு முறை யாரையாவது தள்ளினால் அனுப்பிவிடுவேன் என்பது மேடத்தின் பேச்சு. எங்கே அனுப்புவார் என்று யாரும் கேட்கவில்லை. வயதான, முரட்டுக் குதிரையை யார் வாங்கி வளர்ப்பார்கள்?

பூஜைக்குப் பிந்திய முதல் வகுப்பிலேயே செவலை துள்ளி ஒரு மாணவியைக் கீழே தள்ளியது. மணலில் விழுந்ததால் அந்தப் பெண்ணுக்குப் பெரிய அடியில்லை. மேடம் முன்கூடத்துக்கு வந்து, செவலையை ஏற்றிப்போக லோரிக்குச் சொல்லிவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் போனை எடுத்தேன்.

"தம்பி, கொஞ்சம் இரு" என்றார் அண்ணி. குதிரைமேல் இருந்ததையெல்லாம் கழற்றி மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே வந்தார். வயிற்று வாரில் கை நின்றது. உட்புறத்தில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆணியில் மாட்டும்போது நம் கண்ணுக்குத் தெரிவது வாரின் உட்புறம், குதிரையின் தோலில் படுகிற பக்கம். பூஜை அவசரத்தில் தெரிந்த பக்கத்தில் வைத்துவிட்டார். மற்ற வார்களில் மெல்லிதாக வைத்தது உதிர்ந்துவிட்டது. வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அதனால் காலையில் சேணங்களைத் துடைத்தபோது பொட்டுகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். செவலையின் வயிற்றில் அந்த இடம் சிவந்து கிடந்தது.

மறைத்திருக்கலாம். நானும் ஜாடையாகச் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் வாரை எடுத்துக்கொண்டு போய், தப்பு தன்னுடையது என்று மேடத்திடம் மலாயில் சொன்னார். மேடம் நம்பவில்லை. "அந்தக் குதிரைக்காக நீ எதையும் சொல்வாய். சிவப்பு ஆறட்டும். அப்புறம் யார் ஏறிக் காட்டுவது?" என்றார்.

"நான் ஏறுறேன்" என்றார் அண்ணி.

சிவப்பு ஆறிய பிறகு ஒரு காலை, குதிகால் உயர்ந்த பூட்ஸை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். குதிகால் இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் முழுதாய் நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். வாருக்கு அடியில் உள்ளங்கையை விட்டுத் தடவிப் பார்த்து, இறுக்கி, ஏறினார். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? செவலை காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. அண்ணி அதன் வாயை இழுக்காமல் கைவாரை விட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது மெதுவாக நடந்தது. மைதானத்தைச் சுற்றி வந்து, ஏறிய இடத்திலேயே நின்றது.

லோரி வேண்டாம் என்றார் மேடம்.

அண்ணி இறங்கினார். சேணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குனிந்து அந்த வயிற்றைத் தடவினார்.

"வலிச்சுச்சா சாமி? வாய்விட்டுச் சொல்லத் தெரியாமத்தான் தள்ளுனியா?"