நான் வெள்ளையடித்த கவிதைச் சுவர்

இத்தாலியில், கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் வாங்கிய வைன் கடையின் சுவரில் கவிஞர்கள் பென்சிலால் எழுதியிருந்த கவிதைகளை நான் சுரண்டி, வெள்ளையடித்துவிட்டேன்.

கிறுக்கல் என்று நினைத்தேன். புதுக்கடை என்றால் வெள்ளையடித்துத்தானே பால் காய்ச்சுவோம்.

இன்று காலை இந்த ஊர் வயதான அம்மா, சிஞ்ஞோரா ஒருவர் வந்து சுவரைத் தடவினார். "என் கணவர் எனக்கு எழுதியது எங்கே?" என்று இத்தாலியனில் கேட்டார்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கதிரை மேசைக்கெல்லாம் துருவித் துருவி விலை கேட்டனீங்கள். சுவரிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்டு, சிஞ்ஞோராவிடம் பென்சிலை நீட்டினேன். அவருக்கு இரண்டு வரிகள்தான் நினைவிருந்தன. அவற்றை எழுதிவிட்டு அழுதார்.

அந்தச் சுவரைப் படமெடுத்தவர்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். கவிதைக்கு ஒரு போத்தல் வைன். பேரம் பேசமாட்டேன்.