மகளுக்குப் பள்ளி தேடியபோது

சில வருடங்களுக்கு முன்பு ஓர் அக்டோபர் மாதம், திருச்சியிலிருந்து நானும் என் பதினான்கு வயது மகளும் சிங்கப்பூர் வந்து இறங்கினோம். என் கணவர் ஏற்கெனவே பல காலமாக இங்கே வேலையில் இருந்தார். மூன்று பேருக்கும் நிரந்தரவாசம் கிடைத்த பிறகுதான் எங்களை அழைத்துக்கொண்டார். முதலில் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வருடக் கடைசியில் ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கிவிடும். அதற்குள் அவளுக்கு அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இடம் வாங்கியாக வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் பள்ளிகளை நேரிலேயே போய்க் கேட்கலாம் என்றார்கள். வகுப்பில் இடம் காலியாக இருந்தால் பள்ளியே ஒரு தேர்வு வைக்கும், தேறினால் சேர்த்துக்கொள்ளும். மகள் ஓரளவு நன்றாகப் படிக்கிறவள்தான். அதனால் தேர்வைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையே வேறு.

அவளுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். எப்போதாவது ஒருமுறை வரும். ஊரில் ஒருநாள் வகுப்பிலேயே வந்துவிட்டது. ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார், இன்னொருவர் வாயில் கைக்குட்டையைச் செருகியிருக்கிறார். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்த்திருக்கிறது. மறுநாளிலிருந்து அவள் பெஞ்சில் உட்கார யாரும் வரவில்லை. அவள் அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, கடைசி பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே என் கணவரின் அக்கா குடும்பம் இருக்கிறது. முப்பது வருடமாகச் சிங்கப்பூர்வாசிகள். நாங்கள் வந்த நாளிலிருந்து பாத்திரம், போர்வை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். எந்தெந்தப் பள்ளியில் கேட்கலாம் என்று விசாரித்துச் சொன்னதும் அவரே. அதோடு, இங்குள்ளவர்கள் பாணியில் 'லா' போட்டு, என் கணவரிடம் இதையும் சொன்னார்: "தம்பி, இந்த ஃபிட்ஸ் விஷயத்தை இப்ப சொல்லாத லா. மாத்திரை ஒழுங்காத்தானே சாப்பிடுறா? முதல்ல சீட் கிடைக்கட்டும். சேர்ந்த பிறகு டீச்சர்கிட்ட மெதுவா சொல்லிக்கலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

முதலில் போன பள்ளி நல்ல பெயருள்ளது. ஆங் மோ கியோவிலிருந்து ரயில் மாறி, அப்புறம் பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம். ஆனாலும் பெயரைக் கேட்டதும் என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவளுக்கு அங்கேயே தேர்வு வைத்தார்கள். முடிந்ததும் அலுவலகத்தில் இருந்த பெண்மணி சில விவரங்கள் கேட்டார். கடைசியாக, பிள்ளைக்கு உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா என்றார். என் கணவர் இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருந்தேன். மகள் எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தேர்வு முடிந்த சந்தோஷத்தில் என் கணவர் அவளுக்குப் பிடித்த நெய் ரோஸ்ட் சொன்னார். தோசை வந்து ஆறியும் அவள் கை வைக்கவில்லை.

"என்னம்மா, பரீட்சை கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல, ஈசிதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவைப் பார்த்து, "அங்க எனக்கு வந்துச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க? அப்பவும் இல்லைன்னு சொல்லுவீங்களா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். என் கணவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பக்கத்து மேசையில் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அவளே மறுபடியும், "ஊர்ல மாதிரி இங்கயும் கர்ச்சீப்தான் வைப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

அடுத்த நாள் இரண்டாவது பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ஆங் மோ கியோவிலேயே, நாங்கள் குடிபோகும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளி. நாங்கள் போனது இடைவேளை நேரம். கேன்டீன் பக்கமிருந்து ஒரே இரைச்சல். துணை முதல்வர் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பேசினார். சீனப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். ஊர், பழைய பள்ளி, தமிழை இரண்டாம் மொழியாக எடுப்பாளா என்பதெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். உடல்நலம் பற்றி அவர் இன்னும் கேட்கக்கூட இல்லை. மகள் திடீரென்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எனக்கு எபிலெப்சி இருக்கிறது" என்று சொல்லிவிட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். துணை முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். நல்லவிதமாகப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்து நான் வாயைத் திறப்பதற்குள், அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். வரப்போகிறது என்பது உனக்கு முன்னாடியே தெரியுமா என்று அவளிடம் கேட்டார். சில சமயம் தெரியும், வாயில் ஒரு மாதிரி இரும்பு ருசி வரும் என்றாள் அவள். எனக்கு அதுவரை அது தெரியாது. பெற்ற நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்து அவர், வரும்போது உன்னைச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்தால் உனக்கு நல்லது என்று கேட்டார். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும், ரொம்ப நேரம் நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு, கூட்டமாக நின்று பார்க்க வேண்டாம் என்றாள். முழித்த பிறகு என்ன நடந்தது என்று யாராவது தனக்குச் சொல்ல வேண்டும், எல்லாரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே சொல்கிறார்கள் என்றாள். அந்த 'எல்லாரும்' நான்தான்.

அவர் எங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உயர்நிலை மூன்றில், அதாவது நம் ஒன்பதாம் வகுப்பில், ஓர் இடம் காலியாகலாம், உறுதியில்லை, தேர்வு எழுதிவிட்டுப் போங்கள், தகவல் சொல்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

அவள் தேர்வை எழுதி முடித்ததும் வீடு திரும்பினோம். மறுநாள் காலை அவரே முதல் பள்ளிக்குப் போன் போட்டு, நேற்று முன்தினம் சொன்னது தவறு, மகளுக்கு இப்படி ஒரு பிரச்சினை உண்டு என்று சொன்னார். அந்தப் பெண்மணி, அதனால் ஒன்றும் இல்லை, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், அவள் தேறிவிட்டாள், இடமும் இருக்கிறது என்றாராம். நாங்கள் பயந்ததெல்லாம் வீண். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வரை ஆங் மோ கியோ பள்ளியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. "இங்க சீட் ரெடியா இருக்கு. அங்க கிடைக்குமான்னே தெரியாது. கிடைக்காட்டி ஒரு வருஷம் போயிடும்" என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. மகளிடம் கேட்டோம். காலையில் நெரிசலான ரயிலில் தினமும் அவ்வளவு தூரம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, அந்த மேடம் இருக்கிற பள்ளிக்குப் போகிறேன் என்றாள். நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னபோது, "நல்ல ஸ்கூலை விடுறீங்களே" என்று வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை மதியம் ஆங் மோ கியோ பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள்.

ஜனவரியில் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே, துணை முதல்வர் பக்கத்தில் நிற்க, அவளே வகுப்பில் எழுந்து நின்று தன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அதை எங்களிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

ஏப்ரலில் ஒருநாள், நான் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. தமிழ் வகுப்பில் வலிப்பு வந்தது, நின்றுவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்றார்கள். டாக்சி பிடித்து ஓடினேன். வழியெல்லாம் அந்தப் பழைய பெஞ்ச்தான் கண்ணுக்குள் நின்றது.

உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கான ஓய்வறையில் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவள் வகுப்புத் தோழி ஒருத்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "ஃபர்ஸ்ட் நீ பேனாவைக் கீழ போட்டே. அப்புறம் சைடுல சாஞ்சே. நான்தான் தலையைப் பிடிச்சேன். டீச்சர் டைம் பார்த்தாங்க, மத்தவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. ரெண்டு நிமிஷம் கூட இல்ல லா" என்று ஒரு மேட்ச் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். என் மகள் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். "எச்சில் வழிஞ்சுச்சா?" என்றாள். "கொஞ்சம். என் டிஷ்யூதான் காலி" என்றாள் தோழி. ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் கதவோரமாகவே நின்றிருந்தேன். உள்ளே போனால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

இப்போது அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மாத்திரை தொடர்கிறது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று என்னிடம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளையைப் பேச விடுங்கள் என்றும் சொல்வேன். டாக்டரோ ஆசிரியரோ உறவுக்காரரோ என் மகளைப் பற்றி என்னிடம் கேட்டால், அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்த அன்றிலிருந்து இன்றுவரை நான் பதில் சொல்லாமல் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். பதினான்கு வருடம் அவளுக்காக நானே பேசிப் பழகியவளுக்கு அது இன்னமும் சுலபமாக வரவில்லை.