தங்கை பேசாத வசனம்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது இது. அங்கே நான் போனதே சண்டை போடத்தான்.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராயப்பேட்டையில் வாடகை வீடு. சினிமா ரசிகர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் திரைக்கதைப் போட்டி வைத்தது. பரிசு பெறும் கதையை ஒரு தயாரிப்பாளரிடம் கொடுப்பதாகச் சொன்னார்கள். எனக்கு எழுத்து ஆசையெல்லாம் கிடையாது. என் தங்கை புருஷன் தியேட்டரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். சுற்றி இருக்கிற ஜனம் திரையில் வருகிறவனைக் காறித் துப்ப வேண்டும். அது இவன் காதில் விழ வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

தங்கையை அடையாறில் கட்டிக்கொடுத்திருந்தோம். நாலு வருஷம்கூட ஆகவில்லை, கையில் ஒரு பெண் குழந்தை. உடம்பெல்லாம் தீக்காயத்தோடு, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். முன்னால் இருக்கிற ஸ்டவ் வெடித்தால் முதுகுப்பக்கம் எப்படி மண்ணெண்ணெய் வரும்? நர்ஸிடமே வந்து சொன்னார்கள் இந்தக் கதையை. மறுநாள் இறந்துபோனாள். அவன் அந்த வருஷமே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான்.

நான் எழுதிய கதையில் அவன் அப்படித் தப்பவில்லை. கட்டிலில் கிடக்கும் தங்கை மூன்று பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள். போலீஸ், மாமியார், புருஷன் எல்லோரும் நிற்க, ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கிறாள். அவன் அவள் காலில் விழுந்து கதறுகிறான். பரிசு நிச்சயம் என்று நினைத்தேன்.

பரிசு வரவில்லை. நடுவரின் கருத்தைக் கேட்க விரும்புகிறவர்கள் நேரில் வரலாம் என்று மட்டும் ஒரு கார்டு வந்தது.

வகுப்பறைக்கு வெளியே காத்திருந்தேன். எனக்கு முன்னால் போன ஆள் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். "என் கதையில பாம்பு எதுக்குப் பழி வாங்குதுன்னு கேக்குது நைனா அந்தம்மா. பாம்பையே கேளுன்னு சொல்லிட்டு வந்துகினே இருக்கேன்" என்றார் யாரிடமோ. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே நடுவராக இருந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ரேடியோ நாடகங்களில் நடிக்கிறவர் என்று சொல்லியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். என் கதையில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் குறித்திருந்தார்.

"உக்காருங்கோ. வார்டு ஆயா வர எடமெல்லாம் பிரமாதம். டிபன் கேரியரை உள்ள விடமாட்டேன்னு சண்டை போடறாளே, அவ குரல் என் காதுல விழறது" என்றார். மழையில் நர்ஸ் பாடிக்கொண்டு ஓடும் பாட்டைக் காட்டி, "இதை உங்க மேட்ரன் பாத்தா வேலை போயிடுமே" என்றார். மாமியார் பேச்சு நன்றாக இருக்கிறது, போலீஸ்காரர் இரண்டு இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த மூன்று பக்கத்துக்கு வந்து நின்றார். அங்கே நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது.

"நீங்க நர்ஸுதானே? இவ்வளவு வெந்துபோனவா யாராவது இத்தனை பேசி நீங்க பாத்திருக்கேளா?"

பார்த்ததில்லை. உதடு காய்ந்து, ஒரு வார்த்தைக்கு ஒரு தரம் தண்ணீர் கேட்பார்கள். அது எனக்குத் தெரியாதா? "சினிமான்னா அப்படித்தானே" என்றேன்.

"இந்தக் கதையில எல்லாரும் உசிரோட இருக்கா. இந்தப் பொண்ணு மட்டும் இல்லை. இவ பேசறது இவ பேச்சே இல்லை. வேற யாரோ கோவத்துல பேசறா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "உனக்கு இன்னா தெரியும்? ரேடியோவுல அழுதுட்டு வூட்டுக்குப் போய் காப்பி குடிக்கிறவ நீ. அது என் தங்கச்சி! அவ பேசலைன்னுதானே நான் எழுதினேன்!"

வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஐயோ பாவம் என்றோ, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோ சொல்லவில்லை. மெதுவாக, "அவ என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்ட்ரேட் வந்து கேட்டபோது என் தங்கை, "ஸ்டவ் வெடிச்சிட்டுது" என்றாள். அவ்வளவுதான். அவர் போனதும் நான் கட்டிலருகே போய், "ஏண்டி பொய் சொன்னே?" என்று கேட்டேன். "பாப்பா அங்கதானே அக்கா வளரணும்? அவங்களை ஜெயில்ல போட்டா அதுக்குச் சோறு யாரு போடுவா? நீயும் வாயைத் தொறக்காதே" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை.

"இது ஏன் இதுல இல்லை?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இதை எழுதினா அவன் தப்பிச்சிடுவான்."

அவர் அந்த நீளக் கோட்டின்மேல் பென்சிலை வைத்தார். பிறகு, "இல்லை. அவ பொய் சொல்லட்டும். படம் பாக்கறவாளுக்கு நெஜம் தெரியும். அப்போ அவனால தப்பிக்கவே முடியாது" என்றார். "அதைவிட, அவ எதுக்காகப் பொய் சொன்னான்னு அவாளுக்குத் தெரியணும். நீங்க அவளை ஜெயிக்க வெக்கறேன்னு, அவ செஞ்சதையே அடிச்சுட்டேள்."

காகிதக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை. லஸ் முனையில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். என் தங்கையைக் கோழை என்றுதான் அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் உயிர் போகிற நேரத்தில், தன் பக்க நியாயத்தைக் கொடுத்துக் குழந்தைக்குச் சோறு வாங்கிவிட்டுப் போயிருக்கிறாள். நானோ அந்தக் கொலைகாரன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் போட்டு, அந்தக் குழந்தையை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறு போனேன். அவன் கதவைத் திறந்தான். "பாப்பாவைப் பாக்க வந்தேன்" என்றேன். வழிவிட்டான். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் நான் குடித்ததில்லை. ஆனால் லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் போய் உட்கார்ந்தேன். என்னைக் கண்டால் அவனுக்கு ஆகாது. வரக்கூடாது என்று சொல்ல அவனுக்குத் தைரியமும் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினேன். மூன்று பக்கம் மூன்று வரியாயிற்று. எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. படமாக வரவும் இல்லை. அவன் தியேட்டரில் உட்கார்ந்து எதையும் பார்க்கவும் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் தீரவில்லை, தீராது.

அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், என்னோடு வந்து தங்கிய பிறகு ஒரு நாள் கேட்டாள்: "பெரியம்மா, அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க?" மயிலாப்பூரில் அந்தப் பெண் பென்சிலால் கோடு போடாமல் விட்டிருந்தால், நான் எழுதிய வசனத்தைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் தங்கை சொன்னதை மட்டும் சொன்னேன், அதைக் கேட்டு அவள் பெண் அழுத அழுகைதான் அந்த மூன்று வரிக்கு எனக்குக் கிடைத்த தீர்ப்பு.