ஆறுக்குப் பதிலாக மூன்று

காலையில் தேநீருக்கு முன்பே, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் அன்றைய தேதியில் முன்பு என்ன நடந்தது என்று இணையத்தில் பார்த்து டயறியில் எழுதிவிடுவேன். எந்தச் சாதனைக்கு எத்தனை வருடம், எந்த மைதானம் எப்போது மூடப்பட்டது, எந்த ஆட்டம் விடியும்வரை நீண்டது. எழுதியதில் ஒன்றை எங்கள் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அனேகமாக யாரும் திறந்து பார்ப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள். அன்று நான் போடுவது எங்களுடைய ஒரு தோல்வியின் ஆண்டு நிறைவு.

கண்டியில் எங்கள் அரசாங்கத் திணைக்களத்துக்கு ஒரு காலத்தில் பேஸ்போல் அணி இருந்தது. ஜப்பானியத் தொண்டர் ஒருவர் இரண்டு வருடம் தங்கிக் கற்றுக்கொடுத்தார். எனக்கு ஓடவும் வராது, எறியவும் வராது. ஆகவே ஸ்கோர் புத்தகம் என்னிடம் வந்தது. திணைக்களங்களுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் கடைசி எறியில் தோற்றோம். எங்கள் பிரிவுத் தலைவர்தான் கெப்டன். அவர் எறிந்த பந்தை முதலாம் பேஸில் நின்ற மடவளைக்காரர் பிடிக்கவில்லை. எதிரணி வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டது.

ஸ்கோர் புத்தகத்தில் ஆட்டக்காரரின் பெயரை எழுதுவதில்லை. நிற்கும் இடத்துக்கு ஓர் எண் உண்டு. முதலாம் பேஸுக்கு மூன்று. கெப்டன் நின்ற இடத்துக்கு ஆறு. பிழை யாருடையது என்று தீர்மானித்து அந்த எண்ணை எழுதுவது ஸ்கோர் எழுதுபவரின் வேலை. நான் மூன்று என்று எழுதினேன்.

அன்றிலிருந்து மடவளைக்காரரின் பெயர் சல்லடை. ஒவ்வொரு ஆண்டு நிறைவன்றும் கெப்டன் அவருக்குப் போன் எடுப்பார். "என்ன ஐசே, கையில ஓட்டை அடைபட்டிட்டுதோ?" மற்றவர்களும் எடுப்பார்கள். அவர் வேலையை விட்டு மடவளையில் ஆணி, சீமெந்து விற்கும் வன்பொருள் கடை போட்ட பிறகும் அது நிற்கவில்லை. அன்று நாங்கள் கூடும் மதிய விருந்தில் ஸ்கோர் புத்தகத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசிப்பது என் பொறுப்பு.

இந்த வருடம் இருபத்தைந்து நிறைகிறது. விருந்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மடவளைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"மகள்ட மாப்புள இப்ப உங்கட ஒபிஸ்லதானே. வந்து மூணு மாசமாகல்ல, சல்லடைட மருமகன் எண்டு செல்றாங்களாம். அவர் என்கிட்ட கேக்கல்ல. மகள்தான் கேட்டா, வாப்பா என்னத்தப் பிடிக்காம விட்டீங்க எண்டு."

புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பந்து எனக்கு முன்னால ரெண்டடி தள்ளி மண்ணுல குத்திச்சு. நீங்க பின்னால கதிர போட்டுப் பாத்துட்டு ஈந்தீங்க."

"ஓம் நானா, குத்தினது." முகத்துக்கு நேரே அவரை நான் அண்ணன் முறையில் நானா என்றுதான் அழைப்பேன்.

"அப்ப இதுல ஆறுதானே வரணும்?"

"ஆறுதான்."

"அண்டைக்கு ஏன் மூணு எழுதினீங்க?"

"அப்ப என்ர இடமாற்றக் கடிதம் கெப்டன் சேரின்ர மேசையில கையெழுத்துக்குக் கிடந்தது."

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு முன்ன நீங்க குரூப்புல ஒண்டு போட்டீங்க. அமெரிக்காவுல ஒரு அம்பயர் பிழையாத் தீர்ப்புச் செல்லிட்டு, அண்டைக்கே ஒத்துக்கிட்டார் எண்டு. அத நாலு தரம் வாசிச்சேன்."

"அங்கயும் தீர்ப்பு மாறேல்லை, நானா."

"மாத்தத் தேவல்ல. வாசிக்கக்குள்ள ஒரு தரம் ஆறு எண்டு வாசிங்க. மருமகனையும் கூட்டிக்கிட்டு வாறேன்."

"ஸ்கோரை மாத்திறதெண்டால் ஆட்டம் முடிஞ்சு ஒரு நாளுக்குள்ள மாத்தவேணும். அதுதான் அமெரிக்காவில விதி."

அவர் புத்தகத்தை என்னிடம் திருப்பி நீட்டினார். அதன் பிறகு நான், "பார்ப்பம்" என்றேன். மறுக்க முடிவு செய்த விண்ணப்பக்காரர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது அதுதான். அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

விருந்து கடுகண்ணாவையில் ஒரு ஹோட்டலில். மடவளைக்காரர் புதுச் சேர்ட்டில் வந்தார். மருமகனை என் எதிரில் உட்கார வைத்தார். புரியாணி முடிந்ததும் கெப்டன் கரண்டியால் கிளாஸைத் தட்டினார். நான் எழுந்து பக்கத்தைத் திறந்தேன். மடவளைக்காரர் மேசை விரிப்பைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் சிறு சிரிப்பு இருந்தது.

"கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். பிழை, மூன்று."

மேசைகள் அதிர்ந்தன. கெப்டன் காலடியிலிருந்து ஒரு தகரச் சல்லடையை எடுத்து நீட்டினார். அதைக் கண்டி மார்க்கட்டில் வாங்கி நீல ரிப்பன் கட்டியது நான். மருமகனும் சிரித்தார். வேலைக்குப் புதிதாக வந்தவர். பெரியவர்கள் சிரிக்கும்போது சிரிக்கத்தான் வேண்டும்.

மடவளைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது மா அரிக்கியதா சேர், மண் அரிக்கியதா?"

"உமக்கு எது வசதியோ அது."

"மண் அரிக்கியதெண்டா நீங்களே வெச்சிக்கோங்க. அண்டைக்கு மண்ணுல போட்டது நீங்கதானே."

கெப்டன் என்னைப் பார்த்தார். "புத்தகத்தில என்ன இருக்கு, ஐசே?"

"மூன்று, சேர்."

மறுபடி சிரிப்பு. முந்தியதைவிடப் பெரிது. மடவளைக்காரர் சல்லடையை மேசையில் வைத்துவிட்டு, மருமகனின் தோளைத் தொட்டு எழுப்பினார். இருவரும் கடைசி இனிப்பான வட்டிலப்பத்துக்கு நிற்கவில்லை. கண்டி பஸ்ஸுக்கு அவர்கள் வெயிலில் நிற்பது ஜன்னலால் தெரிந்தது. மருமகன் ஏதோ கேட்டார். மாமனார் வந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.

அன்று மாலை மடவளைக்காரர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். நேரம் ஐந்து நாற்பது. டயறியில் எழுதினேன். மறுநாள் கெப்டன் போன் எடுத்தார்.

"ஆள் கோவிச்சுக்கொண்டு போட்டாராமே?"

"ஓம் சேர்."

"அப்ப அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பாரும். புத்தகத்தில வேற பிழையள் இருக்கும்தானே?"

இருந்தன. ஐந்தாம் இன்னிங்ஸில் ஒன்று. அது பக்கவாதத்தில் வலக்கை விழுந்தவருடையது. அவரை வைத்துச் சிரிப்பது கஷ்டம். இரண்டாம் இன்னிங்ஸில் ஒன்று. அவர் பேராதனையில் இருக்கிறார், நல்ல திடகாத்திரம், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கெப்டனுக்குச் செய்தி அனுப்பினேன்.